மான் முகமூடியின் கயிறு

முகமூடி மாட்டுவதற்கு முன் துக்தென் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொள்கிறார். மாட்டிய பிறகு துப்ப வழியில்லை. “முழுங்கிட வேண்டியதுதான் சார். திருவிழா முடிஞ்சா வயிறும் செவந்து கிடக்கும்!”

மற்ற நாளில் எங்கள் பும்தாங் பள்ளத்தாக்கில் டாக்சி ஓட்டும் பரம சாது. மடாலயத் திருவிழாவில் கோமாளியின் கோணல்மூக்குச் சிவப்பு முகமூடியை மாட்டிவிட்டாலோ, அப்பப்பா, என்ன வாய்! மரத்தில் செதுக்கிய ஆண்குறியைத் தூக்கிக்கொண்டு வெளியூர்க்காரர்களைத் துரத்துவார். அதைக் கொண்டு தலையில் தட்டினால் ஆசீர்வாதம். தெரியாமல் கேமராவோடு ஓடுவார்கள். வேடிக்கை பார்க்க வந்த வருஷம் நானும் ஓடியவன்தான். பிறகு இங்கேயே வாத்தியாராகத் தங்கிவிட்டேன்.

திருவிழாக் கோமாளி யாரை வைதாலும் கோபிக்கக் கூடாது. போன வருஷம் பெரிய லாமா கொட்டாவி விட்டார். “சாமி, வாயை மூடுங்க, ஈ தீட்சை வாங்க வருது!” என்றார் துக்தென். லாமாவே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அண்ணன் லெகியிடம் மட்டும் வாய் திறப்பதில்லை. வசந்தத்தில் துக்தெனின் பசு லெகியின் கோதுமையை மேய்ந்துவிட்டது. “உங்கம்மா வளர்த்த லட்சணம்!” என்று கத்தினார் லெகி. இருவருக்கும் ஒரே அம்மா. கோபத்தில் அது யாருக்கு ஞாபகம்? அன்றோடு பேச்சு நின்றது.

“இந்தத் திருவிழாவுலயும் பேசலேன்னா அப்புறம் பேசவே மாட்டோம் சார். பேசாம இருக்கறது பழகிரும்,” என்று போன வாரம் துக்தென் என்னிடம் சொன்னார். எனக்கும் சங்கடமாக இருந்தது.

நேற்று மான் ஆட்டம். ஆடியவர்களில் லெகியும் ஒருவர். பாதி ஆட்டத்தில் அவருடைய முகமூடிக் கயிறு அவிழ்ந்தது. முகமூடியின் வாய் வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும். அது சரிந்ததும் கண் மறைந்து லெகி தடுமாறினார். அவிழ்ந்ததைக் கட்டிவிடுவது கோமாளிகளின் வேலை. இன்னொரு கோமாளி கிளம்ப, அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டுத் துக்தென் தானே ஓடினார். சண்டை தெரிந்த கூட்டம் எம்பிப் பார்த்தது.

“ஏ மானே! கொம்பு மட்டும் ஊருக்கே பெருசு. கொல்லைக்கு ஒரு வேலி கட்டத் தெரியல, கயிறு மட்டும் கட்டத் தெரிஞ்சிருமா?”

முற்றமே வெடித்துச் சிரித்தது. முகமூடிக்குள் இருந்தவர் சிரித்தாரா, தெரியவில்லை. ஆனால் தம்பியின் கைக்கு எட்டும்படி தலையைத் தாழ்த்தினார். துக்தென் முடிச்சுப் போட்டார்.

முரசு மறுபடி ஆட்டத்துக்கு அழைத்தது. மான் தலையை நிமிர்த்தவில்லை.

துக்தென், தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்துவிட்டு, மறுபடி மெதுவாகக் கட்ட ஆரம்பித்தார்.