ஆறுதலாக மாறும்

பிலிமத்தலாவையில், கண்டி வீதியோரமாக ஒரு கண்ணாடிக் கடை. மூன்று சுவர்களிலும் நிலைக்கண்ணாடிகள். சந்திரிகா அங்கே வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் அவளுடைய முகம் முழுவதும் பரு போட்டது. கண்ணாடி வெட்டுவதில் நல்ல கைநேர்த்தி உள்ளவள். ஆள் வராத நேரத்தில் அதே கை கன்னத்துக்குப் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு பரு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வேற வேலை இல்லையா புள்ள? கண்ணாடிக்கெல்லாம் சீலை போத்தி வெக்கவா?" என்பார் கடையை நடத்திய றலியா. முஸ்லிம்கள் அக்காவை அழைப்பதுபோல அவரை 'ராத்தா' என்பாள் சந்திரிகா.

"ஒண்ணே ஒண்ணுதான் ராத்தா. பழுத்திருக்கு."

"நேத்தும் ஒண்டே ஒண்டுதான் சென்ன."

கடுகண்ணாவையில், சந்திரிகாவின் வீட்டில், அவளுடைய அக்காவின் கன்னங்கள் பருவைக் கிள்ளிக் கிள்ளிக் குழி விழுந்தவை. தனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று சந்திரிகாவுக்குப் பயம். "பருவெல்லாம் முடியட்டும்டி, அப்புறம் தழும்புக்கு மருந்து பாக்கலாம்" என்றாள் அக்கா. சந்திரிகாவுக்குப் பொறுமையில்லை. தேசிக்காய் என்ற எலுமிச்சையின் சாறு பூசினாள். முகம் எரிந்து சிவந்தது. பற்பசை வைத்தாள்; தோல் வெடித்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை கண்டிக்குப் போய், தோல் வைத்தியர் பாலேந்திரனைப் பார்த்தாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"பரு இருக்கேக்கையே மருந்து பூச வேணும். குழி விழுந்தாப் பிறகு அதை நிரப்புறது பெரிய பாடு. இந்தக் கிறீமை இரவில மெல்லிசாப் பூசுங்கோ. மற்றது பகலுக்கு, வெயில் படாமல். தேசிக்காய் வேண்டாம். கை மட்டும் வையாதேங்கோ."

"எப்ப போகும் டொக்டர்?"

"ஆறுதலா மாறும் பிள்ளை. ஆறுதலா." பிறகு அவளுடைய வேலையைக் கேட்டுச் சிரித்தார். "கண்ணாடிக் கடையோ! அப்ப கை எப்பிடிச் சும்மா இருக்கும்? இஞ்ச ஒரு படத்துக்கும் கண்ணாடி உடைஞ்சு போச்சு. கொண்டு வாறன்."

பஸ்ஸில் வரும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டொக்டர் என்ன சென்ன?" என்றார் றலியா.

"ஆறுதல்தான் சொன்னாரு ராத்தா. ரெண்டு தடவ சொன்னாரு. தீராத வியாதிக்காரங்ககிட்ட பேசுற மாதிரி. அப்புறம் படம், கண்ணாடின்னு பேச்ச மாத்திட்டாரு."

கிறீம் இரண்டும் அலுமாரிக்குள் போயின. இனிமேல் என்ன இருக்கிறது என்று விரல்களும் துணிந்துவிட்டன. சீக்கிரமே தாடையோரம் இரண்டு இடங்கள் ஆழமாகப் புண்ணாயின.

ஒரு நாள் காலை பாலேந்திரன் படத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். சந்திரிகா முகத்தைத் திருப்பிக்கொண்டே அளவெடுத்தாள். கட்டரை வேகமாக இழுத்ததில் கண்ணாடி கோணலாக உடைந்தது.

"அவசரமில்லைப் பிள்ளை, ஆறுதலா வெட்டுங்கோ."

அவள் கை நின்றது. கண்ணாடிக்கு எதற்கு ஆறுதல்?

"ஆறுதலா எப்பிடி வெட்டுறது டொக்டர்?"

"மெல்ல மெல்ல. நேரமெடுத்து."

"அப்ப அன்னைக்கு... மெதுவா குணமாயிரும்னா சொன்னீங்க?"

"ஓம். வேற என்னெண்டு நினைச்சனீங்கள்?"

றலியா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீங்க கைவிட்டுட்டீங்கண்டு இந்தப் புள்ள அழுதிட்டு ஈக்கி, டொக்டர்!"

அவரும் சிரித்தார். தாடையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "இந்த ரெண்டும் தழும்பாகத்தான் பாக்குது. மிச்ச முகத்தைக் காப்பாத்தலாம். இண்டைக்கே தொடங்குங்கோ."

அவர் போனதும், கண்ணாடி தூக்கும்போது போடும் தடித்த கையுறைகளை றலியா எடுத்துவந்து அவளுக்கு மாட்டிவிட்டார். "இத கழட்டினா கைய கட்டித்தான் வைப்பேன்."

அந்தக் கையுறையால் கன்னத்தைத் தட்டலாம். பருவைப் பிடிக்க முடியாது. "கையில புண்ணா தங்கச்சி?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "கையில இல்லீங்க" என்பாள்.

முதலில் முகம் காய்ந்து உரிந்தது. பயந்துபோய் மீண்டும் கண்டிக்கு ஓடினாள். கொஞ்ச நாளைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசச் சொன்னார் பாலேந்திரன். "பிறகு?" என்றாள். அவர் வாயைத் திறக்குமுன் அவளே "ஆறுதலா" என்று முடித்தாள். அடுத்த கண்டிப் பெரஹராத் திருவிழாவுக்குள் பருக்கள் அடங்கி, கறுப்புப் புள்ளிகளும் மங்கத் தொடங்கின. கன்னங்கள் தப்பின. தாடையில் இரண்டு குழிகள் மட்டும் நின்றுவிட்டன.

இப்போது சந்திரிகா குண்டசாலையில் சொந்தமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். யாராவது அவசரப்படுத்தினால், "ஆறுதலாத்தான் வெட்டணுங்க" என்பாள். "ஏங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறியவர்களும் உண்டு. நிலைக்கண்ணாடி முன் நின்று கன்னத்தை நோண்டும் பெண்ணைக் கண்டால் மட்டும் அவளே அவசரமாகக் குனிகிறாள். மேசைக்கடியிலிருந்து ஒரு சோடிக் கையுறையை எடுத்து நீட்டுகிறாள்.