தூண் மறைவில் உபவாசம்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் விழுப்புரம் சபையில் பகல் முழுக்க உபவாசம், மாலையில் ஜெபக்கூட்டம். நான் சபைக் கமிட்டியில் இருப்பவன். உபவாசத்தில் எனக்கு நல்ல பெயர். திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி, முகம்கூடக் கழுவாமல் நேரே கோயிலுக்குப் போவேன். "பாவம், சாரு எப்டி வாடிப் போய்க்கீறாரு பாரு" என்று பெண்கள் முணுமுணுப்பது காதில் விழும். மதியம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெஸ்ஸில், தூண் மறைவில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து நாலு பரோட்டாவை உள்ளே தள்ளியது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

போன வருஷம் பேசும் முறை எனக்கு வந்தது. பக்திமான்களாகக் காட்டிக்கொண்ட பரிசேயரை இயேசு மாயக்காரர், அதாவது வெளிவேஷக்காரர், என்று கண்டிப்பதை எடுத்துக்கொண்டேன். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் ஹுப்போக்ரிட்டேஸ். முகமூடி போட்டு மேடையில் நடிப்பவனுக்கு அந்த நாளில் அதுதான் பெயர் என்று செல்போனில் படித்திருந்தேன். படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிகிறதா? "நம்ம சபையிலயே மூஞ்சில அரிதாரம் பூசறவங்க இருக்காங்க" என்று ஒரு போடு போட்டேன். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் கடலை எண்ணெய் மில் வண்டி ஓட்டுபவர். அம்மன் கோயில் திருவிழாக்களில் தெருக்கூத்தில் பெண் வேஷம் கட்டுவார். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் வழக்கப்படி கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு சபையில் வாசிக்க வேண்டும். வாசிக்காமல் கோயிலில் கல்யாணம் கிடையாது. என் பிரசங்கத்தின் சூட்டோடு கமிட்டியில் ஒருவர், "கூத்தாடி ஊட்டுக் கல்யாணத்த இங்க எப்டி வெக்கிறது?" என்று கிளப்பினார். அறிவிப்பை நிறுத்தி வைக்கக் கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். கிரேக்கம் பேசிய வாய்க்கு ஒரு மரியாதை வேண்டாமா!

மறுநாள் காலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், மாப்ள ஊட்ல பேஜாரு பண்றாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம படிக்கலன்னா வேற எடம் பாத்துக்கறோம்ன்றாங்க. நான் வேஷம் கட்டுனா, விடிஞ்சதும் எண்ணெயப் போட்டுத் தொடச்சிக்கினு வண்டி ஓட்டப் போறவன். எம் பொண்ணு இன்னா சார் பண்ணிச்சி?"

கமிட்டி முடிவு, என் கையில் இல்லை என்று இழுத்தேன். அவர் அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தத் திண்டிவனம் மெஸ்ஸுக்கு மல்லாட்டை எண்ணெ எறக்கறது நான்தாங்க. வெள்ளிக்கெழமல உங்களப் பாத்துக்கினுதான் இருக்கறேன். சக்கர இருக்கறவங்க பட்டினி கெடக்கக் கூடாது சார், தப்பே இல்ல. யாராண்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்."

மிரட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. மனுஷர் உண்மையாகவே எனக்காகக் கவலைப்பட்டார். எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. ஆனாலும் "ஆமாம்பா, என்ன பண்றது" என்று தலையை ஆட்டினேன். காப்பி கொண்டுவந்த என் மனைவியிடம் அவர், "சாருக்குச் சக்கர போடாதீங்கம்மா" என்றார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வெட்கத்தில் காது சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் கமிட்டியார் உட்பட எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றேன். "அந்தக் கிரேக்கச் சொல் வெறும் தொழில் பெயர். மேடையை விட்டு இறங்கியும் முகமூடியைக் கழற்றாதவனைத்தான் ஆண்டவர் கண்டித்தார். அது அவர் இல்லை, நான். உபவாசம் என்று சொல்லிக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் சாப்பிட்டேன்" என்றேன். அங்கே தொண்டை அடைத்தது. ஒரு நிமிஷம் பேசாமல் நின்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். பாழாய்ப்போன வாய், "உடம்புல சர்க்கரை... டாக்டர் சொன்னதால..." என்று முடித்தது.

முன் வரிசையில் இரண்டு பெண்கள் அழுதேவிட்டார்கள். "என்னா தாழ்மை!" என்றார் ஆட்சேபித்த அதே கமிட்டிக்காரர். அறிவிப்பு அன்றைக்கே வாசிக்கப்பட்டது. அடுத்த லெந்துக்கும் நான்தான் பேச வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள். என் மனைவி மட்டும் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

கல்யாணம் கோயிலிலேயே நடந்தது. பந்தியில் பெண்ணின் அப்பாவே பாயச வாளியோடு வந்தார். பக்கத்தில் என் மனைவிக்கு இரண்டு கரண்டி ஊற்றினார். என் இலையைத் தாண்டிப் போகும்போது குனிந்து, காதோடு சொன்னார்.

"சார், அன்னிக்கி தொண்ட அடச்சிக்கினு நின்னீங்க பாருங்க. இத்தினி வருசமா வேஷம் கட்றேன், அது எனக்கு வராதுங்க."

சனிக்கிழமை கண்ணாடி முன்னால் மூன்று தரம் ஒத்திகை பார்த்துக்கொண்ட இடம் அது. பாயசம் இல்லாத இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.