அக்கா போடாத கையெழுத்து

என் அக்காவுக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் ஸ்பேனர். கேலிக்குத்தான் வைத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் வாய் நீளம் எனக்கு, பொறுமை மொத்தமும் அவளுக்கு.

பொறியியல் படித்துவிட்டு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தவளை ஆறு வருடம் வரைபட மேசையிலேயே உட்கார வைத்தார்கள். அவள் போட்ட கணக்கை எடுத்துக்கொண்டு, அவளுக்குப் பிறகு சேர்ந்த பையன்கள் கட்டடங்களுக்குப் போய் லிஃப்ட் மாட்டி, பொறியாளர் என்று கையெழுத்தும் போட்டு வந்தார்கள்.

"சைட்டுன்னா உச்சி வரைக்கும் ஏறணும், கிரீஸ்ல புரளணும். உனக்கெதுக்கும்மா அந்தத் தலைவலி?" என்பார் மேனேஜர். கெட்ட மனிதர் இல்லை. அக்கறை என்ற பெயரில் ஆளை மூலையில் உட்கார வைக்கிற ரகம். அம்மா வேறு, "ஃபேனுக்குக் கீழ வேலை, இதைவிட என்னடி வேணும்?" என்று அவருக்கு ஒத்து ஊதுவாள்.

அக்கா விடவில்லை. விடுமுறை நாட்களில் தானாகப் போய், லிஃப்ட் மாட்டுகிறவர்களோடு குழிக்குள் இறங்கி வேலை கற்றுக்கொண்டாள். மேனேஜரை நச்சரித்து நச்சரித்து, ஏழாம் வருடம் ஒரே ஒரு லிஃப்ட்டைத் தன் பொறுப்பில் வாங்கினாள். ஸ்ட்ரெச்சர் போகிற பெரிய லிஃப்ட். அதுவும் நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்துக்கு. "இது சரியா வந்தா சைட். சொதப்பினா மறுபடியும் மேசை" என்று மேனேஜர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

திறப்பு விழா அன்று காலை, கடைசியாக ஒருமுறை பார்க்க லிஃப்ட்டுக்குள் காலை வைத்தாள். வைத்த காலை எடுத்துவிட்டாள். முந்தின வாரம் சோதித்தபோது இருந்தது தகரத் தரை. இப்போது பளபளவென்று கல் பதித்திருந்தது.

"இது எப்ப சார் போட்டாங்க?" என்று கூட வந்த மேனேஜரைக் கேட்டாள்.

"நேத்து. ஆஸ்பத்திரி டைரக்டர் ஆசைப்பட்டார். ஜம்முனு இருக்குல்ல?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"தரைக்கெல்லாம் உங்கிட்ட கேக்கணுமா? கையெழுத்தப் போடும்மா. அரை மணி நேரத்துல எல்லாரும் வந்துடுவாங்க."

லிஃப்ட் தொழிலில் அடிக்கடி நடக்கிற கூத்து இது. கயிற்றின் ஒரு முனையில் பெட்டி, மறுமுனையில் அதைச் சமன் செய்யும் இரும்பு எடை. இரண்டையும் கணக்குப் போட்டு மாட்டிய பிறகு, அலங்காரம் செய்கிறவர்கள் வந்து பெட்டிக்குள் கல்லையும் கண்ணாடியையும் பதித்துவிட்டுப் போவார்கள். அழகுக்கும் எடை உண்டு என்று ஒருவருக்கும் தோன்றாது.

"இருநூறு கிலோவாவது கூடியிருக்கும் சார். ஆள் நிறைஞ்சா பிரேக் வழுக்கலாம். நான் போட மாட்டேன்."

மேனேஜர் குரல் உயர்ந்தது. "பயமா இருந்தா சொல்லு, வேற ஆளைக் கூப்பிடறேன். நாளையிலேர்ந்து நீ பழையபடி மேசைக்கே போயிடலாம்."

வராந்தாவில் நின்ற நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். போட்டுத் தொலையேன் அக்கா என்று ஒரு நொடி எனக்கே தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது.

அக்கா மல்லுக்கு நிற்கவில்லை. லிஃப்ட் தாங்கும் பாரத்தில் பாதிக்கு மணல் மூட்டைகளை ஏற்றச் சொன்னாள். "ரெண்டு பக்க எடையும் சமமா இருந்தா, மேல போறப்பவும் கீழ வர்றப்பவும் மோட்டார் இழுக்கற கரன்ட் ஒண்ணா இருக்கணும் சார். நீங்களே மீட்டரைப் பாருங்க."

மேலே போகும்போது பத்தொன்பது. கீழே வரும்போது பதினொன்று. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். அதே எண்கள்தான்.

அதற்குள் டைரக்டர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார். மேனேஜர் தொண்டையைச் செருமினார். "எங்க இன்ஜினியர் சரின்னு சொல்ற வரைக்கும் யாரும் ஏறக் கூடாது சார்."

எங்க இன்ஜினியர்! நான் பட்டென்று கைதட்டிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

சிறப்பு விருந்தினர் ரிப்பனை வெட்டிவிட்டு மூன்று மாடியையும் படியேறியே பார்த்தார். ஒவ்வொரு மாடியிலும் கட்டடத்தைப் பாராட்டுகிற சாக்கில் நின்று மூச்சு வாங்கினார். அக்கா உச்சியில் ஏறி நின்று, எதிரெடையில் இரும்புக் கட்டிகளை அடுக்கவைத்தாள். மதியம் மீட்டர் போகவும் பதினைந்து, வரவும் பதினைந்து காட்டியது. கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். போட்டவர்தான் முதலில் ஏற வேண்டும் என்பது அந்தக் கம்பெனி வழக்கம். நானும் கூடவே தொற்றிக்கொண்டேன். கதவு மூடியதும் இரண்டு பேரும் கத்திய கத்தல் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும்.

இன்று சைட் பொறியாளர்கள் ஒன்பது பேருக்கு அவள் தலைவி. நாலு பேர் பெண்கள். நேர்முகத் தேர்வில் யாராவது ஒரு பெண்ணிடம் "உயரம்னா பயமா?" என்று கேட்டால், அடுத்து வரும் பையனிடமும் அதையே கேட்க வைப்பாள். பாதிப் பையன்கள் திருதிருவென்று முழிப்பார்கள்.

போன மாதம், சேர்ந்து எட்டு மாதமே ஆன பெண் ஒருத்தி, அக்காவே சோதித்து முடித்த லிஃப்ட்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாளாம். "பிரேக் பட்டை ஒரு பக்கமாத் தேயுது மேடம்." அக்கா ஏறிப் பார்த்தாள். அந்தப் பெண் சொன்னதுதான் சரி.

அன்று வீட்டுக்குள் நுழைந்தவளின் முகத்தைப் பார்த்து அம்மா, "என்னடி, பதவி உயர்வா?" என்று கேட்டாள்.

"அதுக்கும் மேலம்மா! இன்னைக்கு ஒரு பொண்ணு என் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லிட்டா."