குடிக்காமல் வைத்த காபி

எங்கள் பாலஸ்தீனக் கிராமத்தில் தைஸீர் டைல்ஸ் போடாத வீடு குறைவு. என் சலூன் தரையும் அவன் கைவேலைதான். ஜெருசலேமில் யூதர்களின் அடுக்கு வீடுகளிலும் முப்பது வருடம் போட்டான். வேலை சுத்தம், பேச்சு குறைவு, யாரைப் பற்றியும் புறம் பேசமாட்டான். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்பதற்காகப் புகழவில்லை. அவனோடு சண்டை போட நான் நாலைந்து முறை முயன்றும் அவன் இடம் கொடுத்ததில்லை, அதனால் சொல்கிறேன்.

அவனுடைய மூத்த மகன் ஃபிராஸை, பத்தொன்பது வயதில், வேலை முடிந்து வரும் வழியில் சோதனைச் சாவடியில் இஸ்ரேல் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். தவறுதலாக நடந்தது என்றார்கள், அதோடு சரி. அதற்குப் பிறகு தைஸீர் இரண்டு வருடம் யாரோடும் பேசவில்லை. அப்புறம் யாரோ சொல்லி, பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்கள் இரு பக்கத்திலிருந்தும் வந்து உட்காரும் ஒரு சங்கத்துக்குப் போனான். பின்ஹஸை அங்கேதான் பார்த்தான். ஜெருசலேம் யூதர். உச்சந்தலையில் சின்னத் தொப்பி வைக்கும் பக்திமான். பேருந்தில் வெடித்த குண்டுக்கு மகளைக் கொடுத்தவர். இரண்டு பேரும் ஜோடி சேர்ந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேச ஆரம்பித்தார்கள்.

போருக்கு முன்னால் ஊர் அவனைக் கிண்டல் செய்தது. "ஃபிராஸ் அப்பா, அமைதி எத்தனை மணி பஸ்ல வருது? நாங்களும் வந்து நிக்கிறோம்" என்பார்கள். அவனும் சிரிப்பான். போர் தொடங்கியதும் கிண்டல் நின்றது. காஸாவிலிருந்து தினமும் குழந்தைகளின் பிணங்கள் டிவியில் வந்துகொண்டிருக்கும்போது, யூதனின் தோளில் கைபோட்டு நின்றவனை யார் கிண்டல் செய்வார்கள்? பார்த்தும் பார்க்காததுபோல் போனார்கள். அவனுடைய அண்ணன் ஹாஜ் ஸுப்ஹியின் மகனை வழக்கே போடாமல் சிறையில் வைத்தபின் நிலைமை முற்றிவிட்டது. ஹாஜ் தம்பி வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு செய்தார். குடும்பத்துக்கே பெரியவர் அவர். அவர் மிதிக்காத வாசலை மற்றவர்கள் எப்படி மிதிப்பார்கள்?

நான் மட்டும் யோக்கியனா? அவன் என் கடைக்கு வந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து போகிறார்கள் என்று, "காலைல கடை திறக்கறதுக்கு முன்னாடி வந்துடேன், நிதானமா வெட்டலாம்" என்றேன். சரி என்று தலையாட்டினான். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஜெருசலேமுக்கு வேலைக்குப் போக அவனுக்கிருந்த அனுமதிச் சீட்டு ரத்தாகிவிட்டது. மகள் ஜோர்தானில். வீட்டில் அவனும் மனைவி விதாத்தும் மட்டும். அந்தக் குளிர்காலத்தில் விதாத்தும் போய்விட்டாள். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் காலையில் மூச்சு இல்லை.

அடக்கத்துக்கு ஊரே வந்தது, அது கடமை. அதன் பிறகு மூன்று நாள் ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து துக்கம் கேட்பதுதான் பெரிய விஷயம். ஊரில் எந்த வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகச் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் விதாத். தைஸீர் கூடத்தில் வரிசையாக நாற்காலி போட்டுவிட்டு என்னிடம் கேட்டான்:

"எனக்காக வர வேணாம். அவளுக்காகவாவது வந்து உக்காருவாங்க இல்ல, ஹில்மி?"

"வருவாங்கடா. ஏன் வராம இருக்கப் போறாங்க?" என்றேன்.

முதல் நாள் பதினோரு பேர். இரண்டாம் நாள் நாலு பேர், அதில் ஒருவர் வெளியூர்க்காரர். சாவு வீடு என்பதால் ஹாஜ் ஸுப்ஹியும் வந்தார், ஃபாத்திஹா ஓதினார், ஒரு மிடறு காபி குடித்தார், எழுந்தார். தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு தைஸீர் எல்லா நாற்காலியையும் ஒருமுறை துணியால் துடைத்தான். யாரும் உட்காராத நாற்காலியில் என்ன தூசி இருக்கப் போகிறது? நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் கடைசி நாள். பிற்பகல் தொழுகைக்குப் பின் ஹாஜ் குடும்பத்து ஆண்கள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு மொத்தமாக வந்தார். ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு மொத்தமாகக் கிளம்புவதற்குத்தான். நான் காபி ஊற்றத் தொடங்கியிருந்தேன். அப்போது வாசலில் பின்ஹஸ் வந்து நின்றார்.

சாலைக் கேட்டை ராணுவம் பூட்டியிருந்ததால் காரை அங்கேயே விட்டுவிட்டு மலையேறி நடந்தே வந்திருக்கிறார். எழுபது வயது மனிதர், மூச்சு வாங்கியது. மனப்பாடம் செய்து வைத்திருந்த அரபியில், "அல்லாஹ் அவங்களுக்கு இரக்கம் காட்டட்டும்" என்று ஒவ்வொருவரிடமும் கை கொடுத்தபடி வந்தார். கொடுத்த கையை யாரும் தட்டவில்லை. துக்க வீட்டில் அப்படிச் செய்ய முடியாது. தைஸீர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் சர்க்கரை போடாத காபியைச் சின்னக் கோப்பையில் ஊற்றி நீட்டினேன்.

துக்க வீட்டில் கொடுக்கும் காபியை மறுக்கக்கூடாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனவே வாங்கிக்கொண்டார். வாங்கி, குடிக்காமல், முன்னால் இருந்த முக்காலியில் வைத்தார்.

பாதி விஷயத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தவனை என்ன செய்வது! விருந்தாளி காபியை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தால், "எனக்கு ஒன்று வேண்டும், கிடைக்கும் என்று சொல்லும்வரை குடிக்கமாட்டேன்" என்று பொருள். பெண் கேட்கவும் ரத்தப்பகை தீர்க்கவும் அப்படித்தான் வைப்பார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் பெரியவர் எழுந்து போனால் குடும்பத்துக்கே இழுக்கு.

கிளம்புவதற்காக முன்னால் நகர்ந்திருந்த ஹாஜ் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தார். இருபது பேரும் உட்கார்ந்தார்கள்.

"என்ன வேணும்னு கேளு" என்றார். இரண்டு வருடத்தில் தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

தைஸீர் பின்ஹஸின் காதருகே குனிந்து ஹீப்ருவில் மெதுவாகக் கேட்டான்: "இன்னைக்கு நோன்பா?"

"ஆமாம், பழைய காலத்துல எங்க நகரத்தை முற்றுகை போட்ட நாள். இருட்டினாத்தான் தண்ணியே குடிப்பேன். தப்பா எடுத்துக்க வேணாம்னு சொல்லிடு."

ஜெருசலேம் ஹோட்டல்களில் பதினோரு வருடம் பாத்திரம் கழுவியவன் நான், ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. தைஸீர் நிமிர்ந்தான். அண்ணனைப் பார்த்தான், நிறைந்திருந்த நாற்காலிகளைப் பார்த்தான்.

"சாயங்காலம் சொல்றாராம்" என்றான்.

வாழ்நாளில் அவன் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. நான் எதுவும் புரியாதவன்போல் அடுத்த கோப்பையில் காபி ஊற்றினேன்.

உட்கார்ந்தவர்கள் எவ்வளவு நேரம் சும்மா இருப்பார்கள்? மெல்லக் குசுகுசுப்பு தொடங்கியது.

"நெலம் கேப்பான். வேற என்ன கேப்பானுங்க? கீழ ரயில் ரோடு பக்கம் கொஞ்சம் பாக்கி இருக்குல்ல."

"மன்னிப்பு கேக்க வந்திருப்பாரோ?"

"அதுக்கு எதுக்கு மலையேறணும்? போன்ல கேட்டா வேணாம்னு சொல்லிடப் போறோம், வேலை முடிஞ்சுது."

"அமைதி கேப்பாரு" என்றார் பள்ளிக்கூட வாத்தியார்.

"அதை இந்தக் கூடத்துல யாருகிட்ட கேக்கறது? ஹாஜ், உங்க பையில ஏதாச்சும் கிடக்கா பாருங்க."

ஹாஜ் சிரிக்கவில்லை, மற்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு நாடாகப் பிரித்தால் வரும் என்றார் வாத்தியார். ரெண்டாவது நாட்டு மேல ஏற்கெனவே வீடு கட்டிட்டாங்களே வாத்தியாரே என்றான் ஒருவன். ஒரே நாடாக இருந்தால் என்ன என்று இன்னொருவன் கேட்க, அதில் உனக்கு என்ன வேலை, அதே பாத்திரம் கழுவறதுதானே என்று என்னைக் காட்டினார்கள். யாருக்கும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒரு மணி நேரம் அதையேதான் பேசினார்கள்.

பிறகு பேச்சு தானாகவே விதாத்திடம் வந்தது. கத்தரிக்காயைக் குடைந்து அவள் அரிசி அடைக்கும் பக்குவம். ஊரடங்கு நாளில் மொட்டை மாடிகளைத் தாண்டிப் போய் ஒரு பிரசவத்துக்கு உதவியது. அப்படிப் பிறந்தவனே அங்கே உட்கார்ந்திருந்தான். "அவங்கதான் என்னைத் தூக்கினாங்களாம்" என்றான். தைஸீர் ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அன்று மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது.

மாலைப் பாங்கு கேட்டதும் அங்கேயே தொழுதோம். பின்ஹஸ் தலை குனிந்து காத்திருந்தார். வெளியே நன்றாக இருட்டியது. ஹாஜ் எழுந்து ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்து, என் கையிலிருந்து கூஜாவை வாங்கி, ஆறிப்போன காபியைக் கொட்டிவிட்டுத் தானே புதிதாக ஊற்றினார். பின்ஹஸிடம் நீட்டி, சுத்தமான ஹீப்ருவில் சொன்னார்:

"நட்சத்திரம் மூணு வந்தாச்சு. உங்க நோன்பு முடிஞ்சுது, குடிங்க."

நாலு வருடம் இஸ்ரேல் சிறையில் இருந்துவிட்டு வந்தபின், அந்த மொழியில் ஒரு சொல்கூட அவர் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. பின்ஹஸ் குடித்தார். ஹாஜ் அவருக்குக் கை கொடுத்துவிட்டு வாசலுக்கு நடந்தார். இருபது பேரும் குழப்பத்தோடு பின்னால் போனார்கள். தைஸீர் ஓடிப்போய் வாசலில் அண்ணனை மறித்தான். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, அப்ப நான் சொன்னது பொய்யின்னு அப்பவே தெரியுமா?"

"ஜெயில்ல நாலு வருஷம் அவனுங்க நோன்பு நாளையும் சேர்த்துத்தாண்டா எண்ணினேன்."

"அப்ப ஏன் எழுந்து போகல?"

ஹாஜ் தம்பியை அன்றுதான் நேராகப் பார்த்தார். "சொந்தப் பொண்டாட்டி சாவுக்கு ஆள் உக்கார வைக்கறதுக்கு நீ பொய் சொல்ற நிலைமைக்கு வந்திருப்பேன்னு எனக்குத் தெரியாதுடா" என்றார்.

"நாளைக்கும் வாண்ணே. காபிகூட வேணாம். சும்மா வந்து உக்காரு."

ஹாஜ் தெருவைப் பார்த்தார். சிறையில் இருக்கும் மகனை நினைத்திருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு தம்பியின் தோளை ஒருமுறை அழுத்தினார்.

"அமைதி வரட்டும். அன்னைக்கு வர்றேன்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பதினாறு வருடமாக ஊர் ஊராகப் போய், அரபுப் பிள்ளைகளிடமும் யூதப் பிள்ளைகளிடமும், அமைதி வரும், நிச்சயம் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் தைஸீர். அண்ணன் சொன்னதைக் கேட்டு, அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதான்.