கட்டி என்றேன், குட்டி என்று கேட்டார்

ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். என் பைக்குள் ஒரு பூனையின் ஸ்கேன் சீட்டு இருந்தது. மூன்று வருடமாக அதை ஒளித்து வைத்திருந்தவன் நான்தான். கிளம்பும்போதாவது அந்த வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம்... அதையும் செய்யவில்லை!

எட்டாம் வகுப்போடு ஊரை விட்டவன் நான். எங்கும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. நெல்வயல் வைத்திருந்த சொர்ணத்தக்கா வீட்டில் மட்டும் நாலு வருடம். மூட்டை சுமந்தேன், மோட்டார் போட்டேன், அவருடைய பாரசீகப் பூனை சீமாட்டிக்கு முடி சீவினேன்.

சீமாட்டி சினையா என்று பார்த்துவர மதுரைக்கு அனுப்பினார். டாக்டர் வயிற்று முடியை மழித்து, பசை தடவி, கருவியை வைத்தார். மூன்று குட்டிகளின் துடிப்பைத் திரையில் காட்டினார். இந்த ஜாதி என்றால் சிறுநீரகத்தையும் பார்ப்பது அவர் வழக்கமாம். கருவி நகர்ந்தது. சாம்பல் நிறத்துக்குள் கரிய வட்டங்கள்... ஒரு பக்கத்திலேயே ஏழு எண்ணினேன், மறுபக்கத்திலும் இருந்தன.

“நீர்க்கட்டி. பரம்பரையா வர்றது. முத்துனா மெலிஞ்சு தண்ணிக்கே அலையும். குட்டிகள்ல பாதிக்கு வரலாம், எந்தக் குட்டிக்குன்னு இப்பத் தெரியாது. பத்து மாசம் ஆனதும் கொண்டாங்க, பார்ப்போம். தாயை இனிமே ஆணோட சேர்க்காதீங்க.”

பேருந்து நிலையத்து ஒரு ரூபாய்த் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“அக்கா, கட்டி இருக்கு!”

“குட்டியா? ஏலே, எத்தனை?”

“ரெண்டு பக்கமும் இருக்குக்கா...”

“ரெண்டு பக்கமுமா! அடி சக்கை, வயிறு நெறைய வச்சிருக்காளா!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மூணுக்கா” என்றேன். அந்த ஒரு சொல்லில் விழுந்தவன்தான்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பயமா? இல்லை. எனக்குப் பார்க்க வேண்டும் போலிருந்தது! மூன்றில் எதற்குள் அந்த வட்டங்கள்? தாய் எப்படி ஒன்றுக்குக் கொடுத்து இன்னொன்றை விட்டுவிடுகிறாள்? பிறந்த குட்டிகளை ஒவ்வொன்றாய் வெயிலுக்கு நேரே தூக்கி வயிற்றைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பத்து மாதத்துக்குள் மூன்றும் மூன்று வீட்டுக்குப் போய்விட்டன. எவரும் ஸ்கேனுக்குக் கொண்டுபோகவில்லை. சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தானே!

மறுவருடம் அக்கா சொன்னதும் சீமாட்டியை ஆண்பூனையிடம் கூட்டிப் போனவனும் நானே.

இந்தக் கோடையில் சீமாட்டி மெலிந்தாள். தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவில்லை. நயினார்கோவிலில் அக்காவின் தங்கை வளர்த்த, அந்த மூன்றில் ஒரு குட்டியும் அப்படியே தண்ணீருக்கு அலைகிறது என்று போன் வந்தது.

“ஏலே, அன்னைக்கு ஸ்கேன்ல வேற ஏதாச்சும் சொன்னாகளா?”

“இல்லக்கா.”

எவ்வளவு எளிதாக வந்தது! மூன்று வருடம் அவர் காதின் பிழை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இது யாருடைய பிழை?

விடிந்ததும் கிளம்பிவிட்டேன். கடற்கரைச் சாலையில் ஒரு மீன் லாரி ஏற்றிக்கொண்டது, தங்கச்சிமடத்தில் இறக்கிவிட்டது.

மறுநாள் காலை ஒரு கருவாட்டுக் களத்தில் வேலை கேட்டேன்.

“இதுக்கு முன்ன என்ன பாத்த?” என்றார் களத்துக்கார அம்மா.

“பூனை வளத்தேன்.”

“வளத்தியா! நல்ல ஆளா வந்து சேந்த. இங்கன வெரட்டணும்ப்பா.”

கையில் ஒரு கம்பைக் கொடுத்தார். சுவர்மேல் நாலு பூனைகள் மீனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் வயிற்றையும் பார்த்தேன்... பிறகு கம்பைத் தூக்கினேன்.