மூடியைத் திறக்க வரும் ஆள்

பாக்கியலக்ஷ்மியை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் கோபம்தான் வருகிறது. மட்டாஞ்சேரி ஜெட்டியில் காலை எட்டரை மணி போட்டில் இருவரும் ஏறுவோம். வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸ். எந்தக் கப்பலில் என்ன சரக்கு என்று அட்டைகளில் துளை போட்டுக் கம்ப்யூட்டருக்குள் தள்ளுவது எங்கள் வேலை.

அந்த மெஷின் ஆபீசுக்குச் சொந்தமில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் விற்க மாட்டான், வாடகைக்குத்தான் விடுவான். மூடியைக்கூட அவன் ஆள்தான் வந்து திறக்க வேண்டும். அந்த ஆள் அனந்தநாராயணன். கொச்சிப் புழுக்கத்திலும் டை கட்டிக்கொண்டு மாதம் ஒரு தடவை வருவார். பாக்கியத்துக்கு அது போதுமா? அட்டையின் ஓரத்தை நகத்தால் மடக்கி உள்ளே விடுவாள். மெஷின் நின்றுவிடும்.

"ஐயையோ, மறுபடியும் கேடாயிடுத்தே!" என்பாள், ஒன்றும் அறியாதவள் மாதிரி. கள்ளி!

அவர் வந்து மடங்கிய அட்டையை எடுத்துப் பார்ப்பார், சிரிப்பை அடக்கிக்கொண்டு பையில் போட்டுக்கொள்வார். அவருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் மூன்று வருஷம் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

எழுபத்தேழில் சர்க்கார் பிடியை இறுக்கியது. கம்பெனியில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் வெளிநாட்டானுக்குக் கிடையாது, மீதி நம்மவர்களுக்கு. முழுசும் என்னுடையதாக இல்லாவிட்டால் இந்த நாட்டிலேயே இருக்க மாட்டேன் என்று கம்பெனி மூட்டை கட்டியது. என்ன வீம்பு! "போகட்டும் சாரே, நல்லதாப் போச்சு!" என்று ஆபீசே சாயா வரவழைத்துக் கொண்டாடியது. இவள் மட்டும் சாயாவைத் தொடவில்லை.

மெஷினை எங்கள் ஆபீசுக்கே விற்றார்கள். கடைசியாக வந்த அனந்தநாராயணன் மூடியின் சாவியை இவள் கையில் கொடுத்து, எங்கே எதைத் திருக வேண்டும் என்று காட்டினார்.

"இனிமே நீங்களே சரி பண்ணிக்கலாம்."

"நீங்க?"

"சிங்கப்பூருக்குக் கூப்பிடறா. இங்கேயே வேற வேலை பார்த்துண்டு இருந்துடலாமான்னும் தோணறது. என்ன பண்ணட்டும்?"

பக்கத்து நாற்காலியில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சொல்லேண்டி, சொல்லித் தொலையேன்!

"நல்ல வேலையை விடாதேங்கோ" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

எண்பத்தாறு வரை அந்த மெஷினைப் பழுது பார்த்தது பாக்கியம்தான். எர்ணாகுளத்து ஆபீஸ்களிலிருந்துகூட அவளைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். கல்யாணம் மட்டும் பண்ணிக்கொள்ளவில்லை. மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றிய அன்று, திரும்பும் போட்டில் எனக்குப் பொறுக்கவில்லை.

"அன்னிக்கு ஏண்டி அப்படிச் சொன்னே?"

"ஒரு தடவைதானே கேட்டார், கமலாக்ஷி" என்றாள். "இன்னொரு தடவை கேட்டிருந்தா, போகாதேங்கோன்னு சொல்லியிருப்பேன்."