சூரி என்றால் சிரி

பெரியம்மா தன் வாழ்நாளில் பாதியை "சிரிக்காதீங்க" என்று சொல்லியே கழித்தாள். பாஸ்போர்ட், விசா படங்கள் எடுக்கும் ஸ்டுடியோ அவளுடையது. வாயெல்லாம் பல்லாக வந்து உட்காருகிறவரையும் ஒரே அதட்டலில் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி ஆக்கிவிடுவாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கம்ப்யூட்டர் முன்னால் பெரியப்பா. படத்தில் விழுந்த நிழலை நீக்கி, அளவாக வெட்டி, அச்சடிப்பது அவர் வேலை. அவரிடம் மட்டும் யாரும் "சிரிக்காதீங்க" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. கல்யாணப் படத்தில்கூட விசாவுக்கு நிற்பவர் போலத்தான் நிற்கிறார்.

அவருக்குக் காதுக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் முக நரம்பு பாதிக்கப்படலாம், அப்புறம் சிரித்தால் வாய் கோணலாம் என்றார் மருத்துவர்.

"அதுக்கு முன்னாடி நேரா ஒரு தடவ சிரிங்க. ஒரே ஒரு படம்" என்றாள் பெரியம்மா.

"சிரிக்காதவனுக்கு வாய் கோணினா என்ன, நேரா இருந்தா என்ன?"

தமிழ் அவரிடம் எடுபடவில்லை. படமெடுக்க வந்தவர்களிடம், அவரவருக்குத் தெரிந்த மொழியில் 'சிரிங்க' என்பதற்கு ஆளுக்கொரு சொல்லாகக் கறந்தாள் பெரியம்மா. ஜெர்மனிக்குப் போகும் நர்ஸ் சொல்லிக்கொடுத்ததைத் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "லெஷெல்ன்!"

"இருமல் மருந்து அலமாரியில இருக்கு" என்றார் அவர், திரும்பாமலே.

அடுத்து பிரெஞ்சு டீச்சர் ஒருத்தி வந்தாள். பெரியம்மா பாடம் கேட்டுக்கொண்டு உடனே கூவினாள்: "சூரியே!"

"சூரியனா? இருக்கிற வெளிச்சம் போதும்."

டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெரியம்மாவின் காதருகே குனிந்தாள். "அக்கா, 'சூரியே' மரியாதைக்கு. கட்டினவர்கிட்ட 'சூரி'ன்னாப் போதும்."

"அப்ப அது... நீ, வா, போ மாதிரியா?"

"அதேதான். இன்னொரு அர்த்தமும் இருக்கு." அதைக் கிசுகிசுத்துவிட்டுப் போனாள்.

புருஷனை ஒருநாளும் ஒருமையில் அழைத்திராத பெரியம்மா மத்தியானம் முழுக்க அதை வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"சூரி!"

"இப்ப என்ன?"

"சிரிடான்னு அர்த்தம்."

"டாவா?"

"நான் சொல்லல, பிரெஞ்சு சொல்லுது. எலிக்கும் அதே பேர்தான். உங்க கையில இருக்கே, அந்த எலிக்கும்."

பெரியப்பா கையிலிருந்த மௌஸைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "வயசான காலத்துல டா போட்டதுமில்லாம, எலின்னு வேற..." வாக்கியம் முடியவில்லை. உதடு பிரிந்து, கடைவாய்ப் பல்வரை தெரிந்தது.

கிளிக்.

"ஐயய்யோ, அசிங்கமா இருக்கு. குடு, கம்ப்யூட்டர்ல வாயை மூடி விட்டுடறேன்." கை மேசையைத் துழாவியது. மௌஸைக் காணோம். அவர் சிரித்த நேரத்தில் அது வயரோடு பெரியம்மாவின் முந்தானைக்குள் போயிருந்தது.

மருத்துவர் பயந்தபடியேதான் ஆயிற்று. ஆனாலும் தினமும் கடை திறந்ததும் பெரியம்மா "சூரி" என்பாள். அவர் வாயில் ஒரு பாதி மட்டும் சொன்னபடி கேட்கும்.

"மிச்சப் பாதி?" என்று ஒருமுறை நான் கேட்டேன்.

சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். "அங்க வாங்கிக்குவேன்."

போன வாரம் ஸ்டுடியோவைக் காலி செய்யப் போனோம். இருவரும் இல்லாத அந்த அறையில் சுவரிலிருந்து அவர் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். கழற்றும்போது சட்டத்துக்குப் பின்னாலிருந்து ஏதோ தொங்கியது. வால் சுற்றிய பழைய மௌஸ்.